மானிப்பாய்க் கிறீன் வைத்தியர்

இற்றைக்கு நூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்திலே, 1848-ஆம் ஆண்டில், யாழ்ப்பாணத்து மானிப்பாய் என்னும் கிராமத்தில் ஒரு வைத்திய வகுப்பு நடைபெறலாயிற்று. அதற்கு விசாலமான மண்டபம் இல்லை. பட்டமளிக்கும் அதிகாரம் இல்லை. ஆசிரியர் ஒருவரே; மாணாக்கரை விரல்விட்டு எண்ணிவிடலாம். கல்கத்தாவிலே வைத்தியக் கல்லூரி 1835-இல் தோன்றிவிட்டது. சென்னையிலும் அவ்வாண்டே வைத்தியப் பள்ளி திறக்கப்பட்டது. கொழும்பிலோ 1870 வரையும் வைத்தியப் பள்ளி என்று சொல்லத்தக்கது எழவில்லை. இத்தகைய காலத்தில், தென்னை பனை சூழ்ந்த ஒரு கிராமத்து மருந்துச்சாலையின் தாழ்வாரத்தையே பள்ளியாக்கிக்கொண்டு, அறுபதுக்கு மேற்பட்ட தமிழ் வாலிபரை வைத்தியராக்கியவர் சமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்கர். இவருடைய பெயரை நம் மாணாக்கர் பலர் கேட்டிருப்பர். இவர் செய்தது இன்னதென்று அறிந்தோர் சிலரே. ஆதலின், இவ்வாண்டுச் சஞ்சிகையில் அவருடைய வரலாற்றைச் சிறிது எடுத்துரைக்கலாமென எண்ணினோம்.

கிறீன் 1822-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 10-ஆந் தேதி, மாசச்சூசெற்ஸ் இராச்சியத்து வூஸ்டர் நகரிலே பிறந்தார். கிறீன்ஹில் என்னும் குன்றின் மேலுள்ள பண்ணை வீடு அவர் குடும்பத்தாருக்குப் பரம்பரையாய் உரியது. தந்தையார் நியாயவாதி, பிள்ளைகள் பதினொருவர். சமுவேலுக்கு இரண்டாண்டு மூத்தவரான அண்டுரு என்பவர் பிற்காலத்தில் நியூயோர்க் நகரத்தின் பெரும் பூந்தோட்டம் உருவாவதற்கு முன்னின்றவர்; அந்நகரத்தின் பல பகுதிகளையும் ஒன்றுசேர்த்துப் பெருநகராக்க உழைத்துப் பெரும் புகழ் படைத்தவர். ஒரே வீட்டில் வளர்ந்த இருவருள் தமையன் ஒரு மாநகரைக் கட்டினார். தம்பி கடல் கடந்து சென்று ஒரு கிராமத்தில் மருந்து அரைத்தார். தமையன் பெயர் அமெரிக்காவில் நின்றது போலத் தம்பியின் பெயர் தமிழ் நிலத்தில் நின்றது. இவருட் பெரியவர் யாரென்று நிறுத்துப் பார்க்க நம்மிடம் தராசு இல்லை.

நியூயோர்க்கிலே வைத்தியர்க்கும் இரணவைத்தியர்க்கும் உரிய கல்லூரியிற் பயின்று 1845-இற் பட்டம் பெற்ற கிறீன், அந்நகரிலேயே தொழில் நடத்திச் செல்வம் ஈட்டியிருக்கலாம். குடும்பத்தாரின் செல்வாக்கும் துணை நின்றிருக்கும். அவரோ அமெரிக்க மிஷன் சங்கத்தாரிடம் தம்மை ஒப்புவித்து, 1847 ஏப்ரலிற் பாஸ்டன் துறைமுகத்திற் கப்பலேறி, சென்னை வழியாக அக்டோபரில் யாழ்ப்பாணம் சேர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது ஏறக்குறைய இருபத்தைந்து.

அமெரிக்க மிஷனார் யாழ்ப்பாணத்துக்கு வந்தது 1816-இல். அவர்களுக்குள் முதல் வைத்தியராய் வந்த ஜான் ஸ்கடர் 1820-இலிருந்து பண்டத்தரிப்பில் இருந்து வைத்தியம் செய்து, 1836-இல் சென்னைக்குச் சென்றார். வேலூரிற் பெண்களுக்கென ஒரு வைத்தியப் பள்ளியை 1918-இற் நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் அவருடைய பேர்த்தியே. ஸ்கடருக்குப் பின் வார்ட் என்னும் வைத்தியர் வட்டுக்கோட்டையில் இருந்தார். அவரும் நீங்கிய இடத்துக்கே கிறீன் வந்தார். வட்டுக்கோட்டையிற் சிறிது காலம் தங்கியபின், மானிப்பாயைத் தமக்கு உறைவிடமாக்கிக்கொண்டார்.

யாழ்ப்பாணத்தில் வைத்தியம் இல்லாதிருந்தது என்று எவரும் எண்ணிவிடலாகாது. பரம்பரை வைத்தியர் ஊர்தோறும் இருந்தனர். தமிழரசர் காலத்து வைத்திய நூல்களான செகராசசேகரமும் பரராசசேகரமும் ஏட்டுச் சுவடிகளாய் அவர்தம் வீடுகளில் வழங்கின. மூலிகைகளின் குணமும், நாடி பார்க்கும் முறையும், பத்தியமும் அவர்களுக்குக் கைவந்தன. ஆயின், உடம்பின் உட்கூறுகளைக் கண்ணாற் கண்டு அறிந்த அறிவு இல்லை. எலும்பு முறிந்தாலும், கட்டி புரையோடினாலும், பிள்ளைப்பேறு தடைப்பட்டாலும், கத்தி எடுத்து உதவக்கூடியவர் அரியர். வாந்திபேதி அடிக்கடி வந்து ஊர்களைப் பாழாக்கிற்று. ஒரு வைத்தியர் எத்துணைத் திறமையுடையவராயினும், அவர் கை எட்டும் தூரம் எவ்வளவு? மாட்டுவண்டியிற் போய் ஒரு நோயாளியைப் பார்த்துத் திரும்புமுன் வேறு ஊரில் ஒருவர் இறந்துவிடுவார். தாம் ஒருவராய் ஆயிரம் பேருக்கு மருந்து கொடுப்பதிலும், மருந்து கொடுக்க வல்ல பலரை ஆக்கி வைப்பதே தக்கதென்று கிறீன் வந்த சில மாதங்களுக்குள்ளேயே உணர்ந்தார். அவர் வகுப்புத் தொடங்கியதற்குக் காரணம் அதுவே.

முதல் மாணாக்கர் வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்றுத் தேறிய வாலிபர். 1823-இல் தோன்றிய அவ்வித்தியாசாலை அக்காலத்தில் இலங்கையில் மாத்திரமன்று, தென்னிந்தியாவிலும் பெயர் பெற்றிருந்தது. கணிதமும் வானசாஸ்திரமும் தத்துவசாஸ்திரமும் ஆங்கிலத்தில் அங்கே கற்பிக்கப்பட்டன. சென்னைச் சர்வகலாசாலையில் 1857-இல் முதன்முதற் பட்டம் பெற்ற தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் அவ்விடத்தில் வளர்ந்தவர்களே. பொருளுதவி செய்த அமெரிக்கரின் பெயரை மாணாக்கருக்கு இட்டு வழங்குதல் அங்கே வழக்கமாயிருந்தது. கறோல் என்பதும் அவ்வாறு வந்ததே. கிறீனுடைய மாணாக்கருள்ளும் டன்போத், சப்மன் என்னும் பெயர்கள் காணப்படுவதைப் பார்த்து, அவர்களை அமெரிக்கர் என்று மயங்கிய வாசகரும் உண்டு. அவர்கள் யாழ்ப்பாணத்துத் தமிழர்களே. இப்பெயரிடும் வழக்கத்தை இப்போது நினைக்கும்போது நமக்குச் சிரிப்பும் வருகிறது. சிறிது வருத்தமும் தோன்றுகிறது.

வகுப்பு நடந்த முறையைச் சிறிது நோக்குவோம். உடற்கூறு, உடற்றொழில், இரசாயனம், மருந்துப்பொருள்களின் குணம், நோய்க்குறி, இரணவைத்தியம், பிரசவ வைத்தியம் என்னும் யாவற்றையும் ஒருவரே கற்பித்தார். பாடம் கேட்ட கையோடு மாணாக்கர் மருந்துச்சாலையில் வேலை செய்தனர். இக்காலத்திலே மருந்தாளர், பரிசோதனைக்கூட உதவியாளர், தாதியர், உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் என்று பல பெயரால் தனித்தனித் துறைகள் பிரிந்து, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பட்டமும் வந்துவிட்டன. மானிப்பாயில் அப்பிரிவுகள் தோன்றவில்லை. மருந்தை இடித்துச் சலித்துக் கலந்தவனே புண்ணைக் கழுவிக் கட்டினான். அவனே நோயாளியின் கட்டிலருகே இரவில் விழித்திருந்தான். பொழுது விடிந்ததும் அவனே எலும்புகளின் பெயரை ஒப்பித்தான். அப்போதிக்கரி, டிரெசர் என்று அரசாங்கத்தார் வழங்கிய பதவிப் பெயர்களுக்குள் அடங்கும் வேலை முழுவதும் ஒரு மாணாக்கன் கையில் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியிற் பத்துப் பேருக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கும் மாணவனுக்குக் கிட்டாத ஒரு நன்மை இது. நூறு பேருக்கு ஒரு நோயாளி என்ற நிலை அங்கே இல்லை. ஒரு மாணாக்கனுக்கு நூறு நோயாளிகள் இருந்தனர்.

யாழ்ப்பாணத்து ஏசண்டராயிருந்த டைக் துரை 1850-இல், பிறரின் உதவிகொண்டு, ஆபத்துக்குதவும் நட்புச் சங்கத்தின் பேரால் ஓர் ஆஸ்பத்திரியைப் பட்டணத்தில் அமைத்தார். இன்று யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையாய் விளங்குவது அதன் வழி வந்ததே. அவ்வாஸ்பத்திரிக்குக் கிறீன் துணை நின்றார். அவருடைய மாணாக்கர் அங்கே பணிபுரிந்தனர். கிராமத்து வகுப்பிற் கற்றவர் பட்டணத்து ஆஸ்பத்திரியைத் தாங்கினர் என்பது கவனிக்கத்தக்கது.

பத்தாண்டு உழைப்பினால் உடல் நலிந்து கிறீன் தாய்நாடு சென்றார். சில ஆண்டுகள் அங்கே தங்கியிருந்து, 1862-இல் மார்கறெற் வில்லியம்ஸ் என்னும் பெண்மணியை மணந்து, அவ்வாண்டே துணைவியாருடன் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பினார்.

திரும்பி வந்த கிறீன் முன்னையவர் அல்லர். முதற் பத்தாண்டிலும் ஆங்கிலத்திலேயே அவர் கற்பித்தார். செமினரியில் ஆங்கிலம் கற்றவரே மாணாக்கராய் வந்தமையின் அது எளிதாயிருந்தது. கற்றுத் தேறியவர் என்ன செய்தனர்? ஆங்கிலம் அறிந்த வைத்தியனுக்கு அரசாங்க உத்தியோகம் கிடைக்கும், சம்பளம் கிடைக்கும், கண்டி முதலிய தூர இடங்களிலே மதிப்பும் கிடைக்கும். ஆகவே அவர்களிற் பலர் மானிப்பாயை விட்டு, யாழ்ப்பாணத்தையே விட்டுப் போயினர். எந்த ஊரின் நோயாளிகளுக்காக அவர்கள் ஆயத்தம் செய்யப்பட்டனரோ அந்த ஊரார் முன்போலவே கைவிடப்பட்டனர். வட்டுக்கோட்டைச் செமினரியும் இதே குறையைக் கூறியே 1855-இல் மூடப்பட்டிருந்தது. பாஸ்டனிலிருந்து வந்த மிஷன் தூதுக்குழுவினர், ஆங்கிலக் கல்வி வாலிபரை உத்தியோகத்துக்கு அனுப்புகிறதேயன்றித் தம் சனங்களிடத்துக்கு அனுப்பவில்லை என்று தீர்மானித்தனர். அம்மூடுதலை யாழ்ப்பாணத்தார் இலேசில் மன்னிக்கவில்லை. உயர்ந்த கல்வியைத் தங்களுக்குக் கிட்டாமற் செய்தது அநீதி என்று அவர்கள் கருதினர். அவர்கள் கருதியது தவறென்று சொல்ல நமக்கும் மனம் வரவில்லை.

கிறீன் வேறு வழி கண்டார். கல்வியைக் குறைப்பதற்குப் பதிலாக, அதன் பாஷையை மாற்றினார். வைத்தியம் முழுவதையும், மேல்நாட்டிற் கற்பிக்கப்படும் அதே அளவில், தமிழிலே கற்பிப்பதென்று துணிந்தார். தமிழிற் கற்றவன் தமிழர் நடுவிலே தங்குவான், தன் ஊரிலே தொழில் நடத்தித் தன் சனங்கள் கொடுக்கும் கூலியிற் பிழைப்பான் என்பது அவர் எண்ணம். மாணாக்கர் தொப்பியும் பாதரட்சையும் அணிந்து துரைமாரைப்போல நடப்பதையும் அவர் விரும்பவில்லை. வேட்டி கட்டிய தமிழனாகவே ஒருவன் சிறந்த வைத்தியனாக வேண்டுமென்று கருதினார். மேனாட்டு நடையையே நாகரிகமென்று மிஷனாருள்ளும் பலர் எண்ணியிருந்த அக்காலத்தில் இவ்வெண்ணம் புதுமையானது.

எண்ணுவது எளிது. தமிழிலே கற்பிக்கத் தமிழ் நூல் எங்கே? இக்கேள்விக்கு விடையளிப்பதிலேயே அவருடைய எஞ்சிய வாழ்நாள் கழிந்தது.

இதற்கு முன்னரே கல்வின் கற்றர் என்பவர் உடற்கூறு, உடற்றொழில், சுகாதாரம் ஆகியவற்றைப் பற்றி எழுதிய நூலும், டப்ளின் நகரத்து மோன்செல் என்பவரின் பிரசவ நூலும் அவர் முயற்சியாற் தமிழாகியிருந்தன. பின்னையது பிரசவ வைத்தியம் என்னும் பெயரால் 1857-இல் வெளிவந்தது. இரண்டாம் முறை வந்தபின் வேலை விரைந்தது. துருவிற் என்பவரின் இரணவைத்திய நூல், இரண வைத்தியம் என 1867-இல் வெளிவந்தது. 1872-இல் இரண்டு பெரும் புத்தகங்கள் வந்தன: ஒன்று ஹூப்பர் என்பவரின் நூலைத் தழுவிய வைத்தியாகரம்; மற்றொன்று மனுஷ அங்காதிபாதம். பின்னையது கிறே என்பவர் எழுதிய புகழ் பெற்ற உடற்கூற்று நூலின் தமிழாக்கம். கிறேயின் நூல் இலண்டனில் முதன்முதல் அச்சானது 1858-இல். பதினான்கே ஆண்டுகளில் அது தமிழில் வந்துவிட்டது! வைத்திய மாணவர் இக்காலத்திலும் அப்பெயரைக் கேட்டால் அஞ்சுவர். அத்துணைப் பருமனும் நுணுக்கமும் உடைய நூல் அது.

இம்மொழிபெயர்ப்பைக் கிறீன் தனியே செய்யவில்லை என்பதை இங்கே சொல்லாமல் விடலாகாது. டன்போத், சப்மன், பவுல், சுவாமிநாதன் முதலிய மாணாக்கரே முதற்படியை எழுதினர். ஆசிரியர் அதனை மூலத்தோடு ஒப்புநோக்கித் திருத்திப் பதிப்பித்தார். நூல்களின் முகப்பிலும் அவர்கள் பெயர் உண்டு. வைத்தியம் கற்ற மாணாக்கன் தான் கற்றதை அடுத்த மாணாக்கனுக்காகத் தன் பாஷையில் எழுதி வைக்கின்றான். எழுதும்போது, தெளியாமல் விட்ட இடங்கள் யாவும் அவன் முன் வந்து நிற்கின்றன. மொழிபெயர்த்துப் பார்த்தவர்க்கே இதன் அருமை விளங்கும். இவ்வரலாற்றை எழுதும் நாமும் மாணவருக்காக ஒரு விஞ்ஞானப் பாடத்தைத் தமிழில் எழுதப் புகுந்து, மூன்றாம் பக்கத்திலேயே நமக்கு விளங்கியதெல்லாம் உண்மையில் விளங்கவில்லையென்று கண்டு எழுதுகோலை வைத்தவர்களே.

சொல்லாக்கமே பெரிய இடர். ஒரு நரம்புக்கும் ஒரு தசைக்கும் பெயர் வேண்டும். அப்பெயர் எங்கும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். கிறீன் இதற்கு ஒரு முறை வகுத்துக்கொண்டார். முதலில் தமிழ் நூல்களிலும் நாட்டு வைத்தியரின் வழக்கிலும் சொல் உண்டோவென்று தேடினார். அங்கே அகப்படாதபோது வடமொழியை நாடினார். அங்கும் தக்கது இல்லாவிடின், ஆங்கில வைத்தியர் வழங்கும் சொல்லையே தமிழ் எழுத்துக்கும் தமிழ் ஓசைக்கும் இசைய மாற்றிக்கொண்டார். இப்படிச் சேர்த்த சொற்களை அருஞ்சொற்றொகுதிகளாகத் தனியே அச்சிட்டும் வைத்தார். பிற்காலத்தில் கலைச்சொல்லாக்கத்துக்குச் சங்கங்களும் அரசாங்கக் குழுக்களும் அமைந்து, தமிழா வடமொழியா ஆங்கிலமா என்று நெடுநாள் வழக்காடியது தமிழுலகம் அறிந்ததே. அவ்வழக்கின் மூன்று கட்சியையும் ஒரு கிராமத்து வைத்தியர் தம் மேசையின்மேல் வைத்து, வேலைக்கு எது உதவுமோ அதை எடுத்துக்கொண்டு முன்சென்றார்.

அவர் ஆக்கிய சொல்லெல்லாம் சிறந்தது என்று சொல்வதற்கில்லை. இரண வைத்தியம் என்பது கேட்டவுடன் விளங்குகிறது. இரணம் அறியாத தமிழர் இல்லை. உடற்றொழிலைச் சுகரணம் என்றும், சுகாதாரத்தை உற்பாலனம் என்றும் அவர் வழங்கியவை ஒரு பண்டிதரின் உதவியின்றி விளங்கா. இரசாயனத்துக்குக் கெமிஸ்தம் என்று பெயரிட்டார். வேற்றுமொழிச் சொல்லுக்குத் தமிழ் ஈறு பூட்டி, வேட்டி கட்டுவித்தது போன்றதொரு சொல் அது. கேட்கும்போது முதலிற் சிரிப்பு வந்தாலும், வேற்றுமை உருபுகளெல்லாம் அதனோடு இடரின்றிச் சேர்வதை எழுதிப் பார்த்தால் அவருடைய காது தமிழ்க் காதாகிவிட்டதென்று அறியலாம். அச்சொல் நிலைக்கவில்லை. தமிழ்நாட்டார் வேதியியல் என்றனர். இலங்கையார் இரசாயனவியல் என்றனர். ஆனால் இலங்கைப் பாடநூல்களில் ஐதரசன், நைதரசன், ஒட்சிசன் என்று மூலகங்களின் பெயர்கள் தமிழ் ஓசைக்கு மாறி வழங்குவதைக் காணும்போதெல்லாம், மானிப்பாய் வைத்தியரின் முறை முற்றும் வீணாகவில்லையென்றே எமக்குத் தோன்றுகிறது.

இதனிடையே நோய்கள் காத்திருக்கவில்லை. 1866-இலும் 1867-இலும் யாழ்ப்பாணத்தில் வாந்திபேதி கொடிதாய்ப் பரவி ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று. ஊருக்கு ஊர் பயின்ற கைகள் இருப்பதன் தேவை அப்போது எவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதாயிருக்கவில்லை.

கிறீன் பயிற்றிய வைத்தியர் 62 பேர் எனக் கணக்கிட்டுள்ளனர். அவர்களுள் 33 பேர் தமிழிலேயே முழுக் கல்வியையும் பெற்றவர். அவர்கள் யாவரும் ஆடவரே. பிரசவ வைத்தியம் என்னும் நூலை மாணாக்கர் வரிக்கு வரி கற்றபோதிலும், யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆடவனை அருகில் விட இணங்காத காலம் அது. தேவை மிக்க இடத்தில் அக்கல்வி பாதியே பயன்பட்டது. பெண்களுக்கென இணுவிலில் மக்லியொட் ஆஸ்பத்திரி எழுந்தது 1898-இலே. அதுவரைக்கும் எத்தனை தாய்மார் போயினரென்று கணக்கிட்டவர் இல்லை.

தமிழிற் கற்ற முப்பத்துமூவரைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. கிறீன் விரும்பியவாறே அவர்கள் பெரும்பாலும் தமிழர் நடுவிலே தங்கினர். தங்காமல் வேறெங்கே போவர்? அரசாங்க உத்தியோகத்துக்கு வழி ஆங்கிலத்தினூடாகவே சென்றது. 1870-இற் கொழும்பில் வைத்தியப் பள்ளி ஆங்கிலத்தில் திறந்தபின், அங்கே பயின்று வந்தவனுக்கு அரசாங்க முத்திரையும் சம்பளமும் இருந்தன. மானிப்பாயிற் பயின்றவனுக்குக் கையில் திறமையும் அலமாரியில் நான்கு தமிழ்ப் புத்தகங்களும் இருந்தன. திறமையில் இருவருக்கும் எவ்வளவு வேற்றுமையென்று ஒருவரும் பரீட்சித்துப் பார்க்கவில்லை. மதிப்பில் இருந்த வேற்றுமையை மட்டும் எல்லாரும் கண்டனர். ஊராருக்கு நன்மை செய்யும் பொருட்டு ஒரு வாலிபனின் முன்னேற்றத்துக்குக் கதவடைப்பது நீதியா என்னும் கேள்வியைக் கிறீனை மிகப் புகழ்வோரும் தட்டிக் கழித்தல் இயலாது. கிறீன் தமக்கு அக்கதவு திறந்திருக்கவும் உள்ளே நுழையாமல் வந்தவர். தம் மாணாக்கருக்கோ அதைத் திறவாமலே விட்டார். இரண்டும் ஒன்றல்ல. எனினும், அவர் அக்கதவை அடைத்தது அறிவைக் குறைத்தன்று. கிறேயின் நூலில் ஒரு நரம்பையும் அவர் தமிழனுக்கு வேண்டாமென்று விலக்கவில்லை. கிராமத்தானுக்கு இவ்வளவு போதும் என்று சுருக்கிக் கொடுக்கும் கல்வி எங்கும் நிறைந்திருந்த காலத்தில் அவர் அவ்வாறு செய்யவில்லை என்பதையே நாம் பெரிதாய் மதிக்கிறோம்.

1873-இற் கிறீன் குடும்பத்துடன் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கினார். உடல் மீண்டும் தளர்ந்துவிட்டது. இம்முறை அவர் திரும்பவில்லை. ஆயின் வேலை நிற்கவில்லை. வூஸ்டரில், பனி பெய்யும் குன்றின்மேலுள்ள அப்பழைய வீட்டிலே அமர்ந்து, அவர் தமிழ்ப் படிகளைத் திருத்திக்கொண்டிருந்தார். சுற்றுவட்டாரத்தில் அவ்வெழுத்தை வாசிக்க வல்லார் எவரும் இருந்திருக்கமாட்டார். கையெழுத்துப் படிகள் கப்பலில் வந்தன. திருத்தங்கள் கப்பலிற் சென்றன. ஒரு சொல்லைப்பற்றி ஐயம் எழுந்தால், விடை வர வாரங்கள் கழியும். இப்படியே வெல்ஸ் என்பவரின் நூலைத் தழுவிய கெமிஸ்தம் 1875-இல் நாகர்கோவிலில் அச்சாயிற்று. டால்ற்றன் என்பவரின் உடற்றொழில் நூல் மனுஷ சுகரணம் என 1883-இல் வெளிவந்தது. டால்ற்றன், கிறீன் பயின்ற அதே நியூயோர்க் கல்லூரியிற் பேராசிரியராயிருந்தவர். தம் கல்லூரிப் பாடத்தைத் தம் மாணாக்கரின் பாஷையில் வைத்துப் பார்க்கும் மகிழ்ச்சியை முதுமையிலே அவர் அடைந்தார்.

கடைசி நூல் எமக்கு மிகவும் பொருத்தமாய்த் தோன்றுவது. இந்து பதார்த்த சாரம் என்னும் பெயருடைய அது, வேறிங் என்பவர் தொகுத்த இந்திய மருந்துப் பொருள் நூலைத் தழுவியது. இந்நாட்டு வேரையும் பட்டையையும் விதையையும் இன்ன நோய்க்கு இன்ன அளவில் கொடுக்கலாம் என்று கூறுவது. மேல்நாட்டு மருந்துப் பெட்டியோடு கப்பலில் வந்திறங்கிய வைத்தியர், முடிவில் யாழ்ப்பாணத்து வைத்தியன் தன் வேலியோரத்திலிருந்து பறித்தெடுக்கும் மருந்தைப் பற்றிய நூலோடு தம் வேலையை நிறுத்தினார். அது 1884-இல் அச்சேறியது. எல்லா நூல்களையும் சேர்த்தால் பக்கங்கள் நாலாயிரத்துக்கு மேற்படும்.

மானிப்பாயில் வகுப்பு அவருக்குப்பின் நெடுநாள் நிலைக்கவில்லை. புத்தகங்கள் அடுத்த பதிப்புக்கு வாசகரின்றி அலமாரிகளில் உறங்கலாயின. பின்பு மானிப்பாயில் ஆஸ்பத்திரி புத்துயிர் பெற்று, கிறீன் ஞாபகார்த்த ஆஸ்பத்திரி என்னும் பெயரோடு அவரை அவ்வூராருக்கு நினைப்பூட்டி வந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1978-இல் மருத்துவபீடம் தோன்றிற்று. தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் ஆகிய துறைகளிலும் இன்று அங்கே பட்டம் பெறுகின்றனர். பெரிய சர்வகலாசாலைகளோடு ஒப்பிட்டுத் தம்முடையது சிறிதென்று எண்ணும் மாணவர் அங்கும் இருப்பர். அவர்கள் கற்கும் பாஷை ஆங்கிலமே. நோயாளி பேசும் பாஷை தமிழ். ஆய்வுகூடத்திலிருந்து வரும் கடிதத்தை ஏந்திக்கொண்டு, இதில் என்ன எழுதியிருக்கிறது பிள்ளை என்று கேட்கும் முதியவருக்கு விடை சொல்லும்போது அம்மாணவன் தடுமாறும் ஒவ்வொரு சொல்லையும், சில மைல் தூரத்திலுள்ள மானிப்பாயிலே ஒருவர் என்றோ தேடி எழுதி வைத்திருக்கிறார்.

கிறீன் 1884-ஆம் ஆண்டு மே மாதம் 28-ஆந் தேதி, தாம் பிறந்த கிறீன்ஹில்லிலே காலமானார். அவருக்கு வயது அறுபத்தொன்று. அவ்வில்லத்து நிலம் 1905-இல் நகரத்தாருக்குக் கொடையாய் அளிக்கப்பட்டு இப்போது பொதுப் பூங்காவாய் இருக்கிறது. தமக்கு ஏதேனும் நினைவுக்கல் வைப்பதாயின் அது எளியதாயிருக்க வேண்டுமென்றும், தாம் தமிழருக்கு வைத்திய ஊழியராய் இருந்ததை அதிலே பொறிக்க வேண்டுமென்றும் அவர் முன்னமே எழுதி வைத்திருந்தார். அவ்வாறே பொறித்தனர்.